லிங்கனின் படகு

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

ஆபிரகாம் லிங்கன் என்ற பெயரைக் கேட்டதும் நம் கண்முன் தோன்றுவன சிலவே. மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டிய குடிசை, அடுப்பு வெளிச்சத்தில் படித்த சிறுவன், அடிமை விலங்கை ஒடித்த குடியரசுத் தலைவர், நாடக அரங்கில் பாய்ந்த துப்பாக்கிக் குண்டு. நம் பள்ளிப் பாடங்களும் மேடைப் பேச்சாளர்களும் இவற்றையே திரும்பத் திரும்பச் சொல்லி வந்திருக்கிறார்கள். தம் மகனின் ஆசிரியருக்கு அவர் எழுதியதாக ஒரு கடிதமும் பல பள்ளிகளின் சுவர்களில் தொங்குகிறது. அதை அவர்தாம் எழுதினார் என்பதற்குச் சான்று எதுவும் இல்லை.

ஆனால் தக்க சான்றோடு கிடைப்பதும், நம்மில் பலர் அறியாததுமான ஒரு செய்தி உண்டு. லிங்கன் ஒரு கண்டுபிடிப்பாளர்! 1849 ஆம் ஆண்டு மே 22 ஆம் நாள் அமெரிக்க அரசு அவருக்கு 6469 ஆம் எண்ணுள்ள காப்புரிமையை வழங்கியது. ஆழமில்லாத ஆற்றில் தரைதட்டிய படகை மிதக்க வைக்கும் கருவிக்கான உரிமை அது. அமெரிக்கக் குடியரசுத் தலைவர்களுள் காப்புரிமை பெற்றவர் அவர் ஒருவரே.

சென்ற ஆண்டு நம் கல்லூரி அறிவியல் கண்காட்சிக்கு என்ன செய்யலாம் என்று நூலகத்தில் தேடியபோதுதான் இச்செய்தி என் கண்ணில் பட்டது. அன்று முதல் இந்த மனிதரை வேறு கண்ணோடு பார்க்கத் தொடங்கினேன். நான் கண்டதை நண்பர்களோடு பகிர்ந்து கொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆற்றங்கரைச் சிறுவன்

லிங்கன் 1809 ஆம் ஆண்டு பிப்ரவரி 12 ஆம் நாள் கென்டக்கி மாநிலத்தில் பிறந்தார். தந்தை தாமஸ் லிங்கன் தச்சு வேலையும் உழவும் தெரிந்தவர். எழுத்தோ, தம் பெயரைத் தட்டுத் தடுமாறி எழுதும் அளவுக்குத்தான் தெரியும். இந்த வரியைப் படித்தபோது நான் புத்தகத்தைச் சற்றே மூடி வைத்தேன். மண்டியில் மூட்டை சுமக்கும் என் தந்தையாரும் அப்படித்தான். கல்லூரி விண்ணப்பத்தில் அவர் கையெழுத்திட எடுத்துக்கொண்ட நேரம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

1816 ஆம் ஆண்டு அக்குடும்பம் இண்டியானாவுக்குக் குடிபெயர்ந்தது. இரண்டே ஆண்டுகளில் தாயார் நான்சி இறந்து போனார். மறு ஆண்டு வந்த சிற்றன்னை சாரா, அச்சிறுவனின் படிப்பு ஆசைக்குத் துணை நின்றார். எனினும் அவர் பள்ளிக்குச் சென்ற நாட்களையெல்லாம் ஒன்றாகக் கூட்டினாலும் ஓராண்டு தேறாது.

அந்நாளில் அமெரிக்காவின் உட்பகுதியில் நல்ல சாலைகள் கிடையா. ஆறுகளே சாலைகள். 1807 ஆம் ஆண்டு ராபர்ட் ஃபுல்டன் ஹட்சன் ஆற்றில் நியூயார்க்கிலிருந்து ஆல்பனி வரை நீராவிப் படகைச் செலுத்திக் காட்டினார். சில ஆண்டுகளில் ஒஹையோ, மிசிசிப்பி ஆகிய பேராறுகளிலும் நீராவிப் படகுகள் புகை கக்கிக்கொண்டு ஓடத் தொடங்கின. நீராவிப் படகு ஏற வழியில்லாத உழவர்களோ, பலகைகளால் தட்டையான படகு ஒன்றைத் தாமே கட்டி, விளைபொருளை ஏற்றி, நீரோட்டத்தோடு தெற்கே அனுப்பினார்கள்.

பதினெட்டு வயதளவில் லிங்கன் ஒஹையோ ஆற்றில் சிறு படகு வைத்திருந்தார். ஒருநாள் இரண்டு பயணிகளைப் பெட்டிகளுடன் நடு ஆற்றில் நின்ற நீராவிப் படகுக்குக் கொண்டுபோய் ஏற்றிவிட்டார். இருவரும் ஆளுக்கொரு வெள்ளி அரை டாலரை அவர் படகில் வீசினார்கள். ஒரே நாளில் ஒரு டாலர்! அதுவரை அவர் அத்தனை பெரிய தொகையை ஒருநாளில் கண்டதில்லை. பிற்காலத்தில் குடியரசுத் தலைவரான பின்னும் அந்த நாளை அவர் மறக்கவில்லை.

1828 ஆம் ஆண்டு தட்டைப் படகில் சரக்கேற்றிக்கொண்டு மிசிசிப்பி வழியே நியூ ஆர்லியன்ஸ் சென்றார். மாதம் 8 டாலர் கூலி. அடிமை வணிகம் கொடிகட்டிப் பறந்த நகரம் அது. ஆறு அவருக்கு உலகத்தைக் காட்டியது. அந்த உலகத்தின் கொடுமையையும் காட்டியது.

அணையில் சிக்கிய படகு

1830 இல் குடும்பம் இல்லினாய் மாநிலத்துக்கு வந்தது. மறு ஆண்டு டென்டன் ஆஃபட் என்ற வணிகருக்காக லிங்கனும் உறவினர் இருவரும் ஒரு தட்டைப் படகு கட்டினார்கள். சாங்கமன் என்னும் சிற்றாற்றில் அதைச் செலுத்தி வருகையில், நியூ சேலம் என்ற ஊரருகே இருந்த மாவாலை அணையின் மேல் படகு ஏறி மாட்டிக்கொண்டது. முன்பகுதி அணையைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது. பின்பகுதி தாழ்ந்து அதில் தண்ணீர் புகுகிறது. கரையில் ஊரே கூடி வேடிக்கை பார்க்கிறது.

அந்த 22 வயது இளைஞர் என்ன செய்தார் தெரியுமா? முதலில் சரக்கில் ஒரு பகுதியைக் கரைக்கு இறக்கினார். படகு லேசானது. பின்பாரம் குறைந்ததால் உள்ளே புகுந்த நீர் முன்பக்கம் ஓடி வந்தது. அங்கே படகின் அடியில் ஒரு துளை போட்டார். படகில் ஓட்டை போடுவதா என்று நாம் திகைப்போம். ஆனால் அந்த முன்பகுதி அணைக்கு வெளியே காற்றில் அல்லவா நிற்கிறது! துளை வழியே நீர் வெளியேறியது. பிறகு துளையை அடைத்துவிட்டுப் படகை அணைக்கு அப்பால் நழுவ விட்டார்கள். ஈர்ப்பு மையம், அழுத்த வேறுபாடு என்றெல்லாம் நாம் எழுதுகிற பாடத்தை அவர் பெயர் தெரியாமலே செய்து முடித்தார்.

அந்தப் பயணம் முடிந்து திரும்பியதும் லிங்கன் நியூ சேலத்திலேயே தங்கி, ஆஃபட்டின் கடையில் எழுத்தராக அமர்ந்தார்.

1832 ஆம் ஆண்டு அவர் மாநிலச் சட்டமன்றத் தேர்தலில் முதன்முறையாக நின்றார். வாக்காளருக்கு வெளியிட்ட அறிக்கையில் அவர் முதன்மையாகப் பேசியது சாங்கமன் ஆற்றைப் பற்றித்தான். ஆற்றை நேராக்கி, குறுக்கே கிடக்கும் மரங்களை நீக்கிப் படகுப் போக்குவரத்துக்கு உதவுமாறு செய்ய வேண்டும் என்பது அவர் வாதம்.

அதே ஆண்டு வசந்தத்தில் டாலிஸ்மன் என்ற நீராவிப் படகு அந்தச் சிற்றாற்றில் வந்தது. கோடரி ஏந்தி முன்னே சென்று ஆற்றின் மேல் கவிந்திருந்த கிளைகளை வெட்டி வழி செய்தவர்களுள் லிங்கனும் ஒருவர். ஸ்பிரிங்ஃபீல்டுக்கு அருகே படகு வந்து சேர்ந்தபோது ஊர் மக்கள் கொண்டாடினார்கள். ஆனால் சில நாட்களில் தண்ணீர் வற்றத் தொடங்கியது. படகைத் திருப்பக்கூட இடமின்றிப் பின்னோக்கியே செலுத்த வேண்டியதாயிற்று. வழிகாட்டி ஓட்டிச் சென்றவர்களுள் லிங்கனும் இருந்தார். படகு வெளியேற அந்த அணையின் ஒரு பகுதியையே பிரிக்க நேர்ந்தது. தேர்தலிலும் அவர் தோற்றார். 13 வேட்பாளர்களில் எட்டாவதாக வந்தார்.

டெட்ராய்ட் ஆற்றில் ஒரு காட்சி

பிறகு அவர் கடை வைத்துக் கடனாளியானார். நூல்களைத் தாமே படித்து நில அளவையாளர் ஆனார். 1834 இல் சட்டமன்ற உறுப்பினர் ஆனார். 1836 இல் வழக்கறிஞர் உரிமை பெற்றார். 1847 இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவையில் அமர்ந்தார். இவையெல்லாம் நாம் அறிந்தவை.

1848 ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் தேர்தல் பிரசாரம் முடித்து, பேரேரிகளின் வழியாக அவர் ஊர் திரும்பிக்கொண்டிருந்தார். டெட்ராய்ட் ஆற்றில் ஒரு நீராவிக் கப்பல் தரைதட்டி நின்றது. அதன் தலைவர், கைக்குக் கிடைத்த பலகைகள், காலிப் பீப்பாய்கள், பெட்டிகள் அனைத்தையும் கப்பலின் பக்கங்களில் நீருக்கடியில் திணிக்கச் சொன்னார். அவை மேலெழும்ப முயன்றன; கப்பலும் அவற்றோடு மெல்ல எழுந்து மணலை விட்டு நகர்ந்தது.

மற்றவர்கள் வேடிக்கை பார்த்துவிட்டு மறந்திருப்பார்கள். லிங்கன் மறக்கவில்லை. பீப்பாய்களை ஆபத்து நேரத்தில் தேடுவதைவிட, அவற்றுக்கு ஈடான ஒன்றைக் கப்பலிலேயே நிலையாகப் பொருத்தி வைத்தால் என்ன? இந்த எண்ணத்துடன் ஊர் திரும்பி, ஸ்பிரிங்ஃபீல்டில் வால்டர் டேவிஸ் என்ற தொழிலாளியின் பட்டறையில் அவர் கருவிகளைக் கொண்டே மரத்தில் ஒரு மாதிரிப் படகைச் செதுக்கினார். அவருடன் சேர்ந்து வழக்குத் தொழில் நடத்திய ஹெர்ண்டன் என்பவருக்கு இதில் நம்பிக்கை இல்லை. ஆனாலும் லிங்கன் விடவில்லை. 1849 மார்ச் 10 ஆம் நாள், நாடாளுமன்றப் பதவிக்காலம் முடிந்த அதே வாரத்தில், காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்.

கருவி எப்படி இயங்கும்?

கொல்லன் உலைத் துருத்தியை நாம் பார்த்திருக்கிறோம். மடிப்பு மடிப்பாக இருக்கும், விரித்தால் காற்று நிறையும், அமுக்கினால் வெளியேறும். அதுபோன்ற நீண்ட காற்றறைகளைப் படகின் இரு பக்கங்களிலும் லிங்கன் அமைத்தார். மேலும் கீழும் பலகை; பக்கங்கள் ரப்பர் பூசிய, நீர் புகாத துணி. ஆழமான நீரில் செல்லும்போது இவை மடிந்து படகின் பக்கங்களில் ஒட்டிக் கிடக்கும். மணல் திட்டு வந்தால், படகின் நீளத்துக்கு அமைந்த ஒரு தண்டைச் சுழற்ற வேண்டும். அதனுடன் கயிறுகளாலும் செங்குத்துக் கம்பங்களாலும் பிணைக்கப்பட்ட காற்றறைகள் நீருக்குள் அழுத்தப்பட்டு, அதே நேரத்தில் விரிந்து காற்றால் நிறையும். படகு எழும்பும். திட்டைக் கடந்ததும் தண்டை எதிர்த்திசையில் சுழற்றினால் அறைகள் மீண்டும் மடிந்துவிடும்.

நாம் முதலாண்டில் படித்த ஆர்க்கிமிடீஸ் தத்துவமே இதற்கு அடிப்படை. மூழ்கிய பொருள் இடம்பெயர்க்கும் நீரின் எடையே அதனை மேல்நோக்கித் தள்ளும் விசை. சரக்கை இறக்காமலே இடப்பெயர்ச்சியை மாற்றிப் படகை உயர்த்துவதே லிங்கன் கண்ட வழி.

என் மாதிரியும் என் தோல்வியும்

இதைத்தான் நான் கண்காட்சிக்கு எடுத்துக்கொண்டேன். எண்ணெய்த் தகரத்தை வெட்டிப் படகு செய்தேன். துருத்திக்குப் பதிலாகப் பழைய சைக்கிள் டியூப் துண்டுகளை இரு பக்கமும் நூலால் கட்டினேன். வெறும் படகை வைத்து வீட்டில் செய்து பார்த்தபோது நன்றாகவே எழும்பியது. கண்காட்சியன்று நிறைய மணல் ஏற்றிப் பார்வையாளர்கள் முன் காற்றடித்தேன். ஒரு பக்கத்து டியூப் நூலை இழுத்துக்கொண்டு நீருக்கு மேலே துள்ளி வந்தது. படகு அந்தப் பக்கமே சாய்ந்து, மணலோடு தொட்டிக்குள் மூழ்கியது. சிலர் சிரித்தார்கள். எனக்கோ முகம் சிவந்துவிட்டது. கணிதத் துணைப்பாடத்தில் முதல் பருவத்திலேயே தேறாத எனக்கு இதுவும் வேண்டுமா என்று தோன்றியது. விளக்கப் படத்தைச் சுருட்டி வைக்கப் போனேன்.

எங்கள் விரிவுரையாளர் அதைத் தடுத்தார். படகு ஏன் கவிழ்ந்தது என்பதைக் கண்டுபிடித்து அதே படத்தின் கீழே எழுதி வை என்றார். அன்று இரவு வீட்டில் இதைச் சொன்னபோது என் தந்தையார் ஒன்று சொன்னார். மூட்டையில் எத்தனை கிலோ என்பது அவ்வளவு பெரிதில்லையாம். அது முதுகில் எந்த இடத்தில் உட்காருகிறது என்பதுதான் பெரிதாம். அங்கேதான் எனக்கு விடை கிடைத்தது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 30 மீட்டர் நீளமும் 6 மீட்டர் அகலமும் உள்ள தட்டைப் படகு ஒன்று 1.2 மீட்டர் ஆழம் அமிழ்ந்து மிதக்கிறது என்க. ஆற்றில் 0.9 மீட்டர் ஆழமே இருக்கிறது. படகை 30 சென்டிமீட்டர் உயர்த்த வேண்டும். அதற்கு 30 × 6 × 0.3, அதாவது 54 கன மீட்டர் நீரைக் காற்றறைகள் இடம்பெயர்க்க வேண்டும். அதன் எடை 54 டன்! ஒவ்வொரு பக்கமும் ஒரு மீட்டர் அகலத்துக்கு, படகின் முழு நீளத்துக்கும் அறைகள் விரிந்தால் கணக்குச் சரியாக வந்துவிடுகிறது. ஆனால் ஒரு பக்கத்துக்கு 27 டன் விசையுடன் மேலெழத் துடிக்கும் அந்த அறைகளை நீருக்குள் பிடித்து வைப்பவை எவை? கயிறுகளும் மரக் கம்பங்களும்தான். என் படகில் நூல் செய்யத் தவறிய வேலை இதுவே. அந்த விசையைத் தாங்க வலுவான சட்டங்கள் வேண்டும். சட்டங்கள் வலுத்தால் எடை கூடும். இந்தப் படகில் ஒவ்வொரு 1.8 டன் எடைக்கும் அமிழும் ஆழம் ஒரு சென்டிமீட்டர் கூடும். என்றோ வரும் மணல் திட்டுக்காக எல்லா நாளும் அந்தப் பாரத்தைச் சுமக்க வேண்டும். அதனாலேயே திட்டுகளில் இன்னும் எளிதாகத் தட்டும்!

லிங்கனின் தத்துவத்தில் பிழையில்லை. நடைமுறைதான் கடினம். அவருடைய கருவி விற்பனைக்காக ஒருபோதும் உற்பத்தி செய்யப்படவில்லை. அவர் அளித்த மாதிரி வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் சேகரிப்பில் இருக்கிறது.

பாலமும் படகும்

காலமும் மாறிக்கொண்டிருந்தது. 1856 ஆம் ஆண்டு மிசிசிப்பி ஆற்றின் குறுக்கே ராக் ஐலண்டு என்னும் இடத்தில் முதல் இரயில் பாலம் திறக்கப்பட்டது. சில நாட்களிலேயே, மே 6 ஆம் நாள், எஃபி ஆஃப்டன் என்ற நீராவிப் படகு பாலத்தின் தூணில் மோதி எரிந்தது. படகின் உரிமையாளர் வழக்குத் தொடுத்தார். 1857 இல் சிகாகோவில் நடந்த விசாரணையில் பாலக் கம்பெனிக்காக வாதாடிய வழக்கறிஞர்களுள் ஒருவர் யார் தெரியுமா? ஆற்றிலேயே வளர்ந்த லிங்கன்தான்! நீரோட்டத்தின் வேகத்தையும் போக்கையும் அளவுகளோடு அவர் எடுத்துரைத்தார். ஆற்றுக்கு உள்ள உரிமையைப் போலவே ஆற்றைக் கடந்து செல்லவும் மக்களுக்கு உரிமை உண்டு என்பது அவர் வாதம். நடுவர் குழுவினர் ஒருமித்த முடிவுக்கு வர முடியாமல் கலைந்தனர், பாலம் நின்றது. தாம் நேசித்த படகுகளின் காலம் கழிந்து வருவதை அவர் மறைக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை.

1858, 1859 ஆம் ஆண்டுகளில் கண்டுபிடிப்புகளைப் பற்றி அவர் சில ஊர்களில் சொற்பொழிவாற்றினார். மனிதனின் கண்டுபிடிப்புகளில் எழுத்துக்கே உயர்ந்த இடம் தந்தார். எழுத்தறியாத குடும்பத்தில் பிறந்தவருக்குத்தானே எழுத்தின் அருமை தெரியும்!

கல்லூரிக் கதவு

1861 இல் அவர் குடியரசுத் தலைவரானார். உள்நாட்டுப் போர் மூண்டது. ஜேம்ஸ் ஈட்ஸ் கட்டிய இரும்புக் கவசப் படகுகள் உள்நாட்டு ஆறுகளில் போரிட்டன. 1863 ஜூலையில் விக்ஸ்பர்க் வீழ்ந்து மிசிசிப்பி ஆறு மீண்டும் திறந்தது. அதே ஆண்டு சனவரி முதல் நாள் வெளியிட்ட அறிவிப்பில், கிளர்ச்சி செய்த மாநிலங்களில் இருந்த அடிமைகள் விடுதலை பெற்றவர்கள் என்று அறிவித்திருந்தார்.

போரின் நடுவே, 1862 ஜூலை 2 ஆம் நாள், அவர் இன்னொரு சட்டத்திலும் கையெழுத்திட்டார். அதைக் கொண்டு வந்தவர் ஜஸ்டின் மோரில். இதேபோன்ற சட்டத்தை 1859 இல் முந்தைய தலைவர் புக்கானன் ஏற்க மறுத்திருந்தார். நாடாளுமன்றத்தில் ஒரு மாநிலத்துக்கு எத்தனை உறுப்பினர்களோ, ஒவ்வொருவருக்கும் 30,000 ஏக்கர் வீதம் அரசு நிலம் வழங்கப்படும். அதன் வருவாயில் வேளாண்மையும் இயந்திரத் தொழிலும் கற்பிக்கும் கல்லூரிகளை நடத்த வேண்டும். உழைக்கும் மக்களின் பிள்ளைகளுக்கு உயர்கல்விக் கதவைத் திறந்த சட்டம் இது. பழங்குடி மக்களிடமிருந்து பறித்த நிலங்களும் அதில் அடங்கும் என்பதையும் நாம் மறக்கக் கூடாது. ஓராண்டுகூடப் பள்ளிக்குச் செல்லாதவரின் கையெழுத்தால் கல்லூரிகள் பல எழுந்தன.

1865 ஏப்ரல் 14 இரவு அவர் சுடப்பட்டார். மறுநாள் காலை உயிர் நீத்தார்.

நண்பர்களே! லிங்கனின் தோல்விகளைப் பட்டியலிட்டு, முடிவில் அவர் குடியரசுத் தலைவரானார் என்று முடிப்பது நம் மேடைகளில் வழக்கம். தோல்வி ஒவ்வொன்றும் வெற்றியின் படிக்கட்டே என்று நமக்கு ஆறுதல் சொல்வார்கள். ஆனால் அந்தப் படகு கடைசி வரை எழும்பவே இல்லை. அவர் குடியரசுத் தலைவர் ஆனதற்கும் அதற்கும் தொடர்பில்லை. சில தோல்விகள் தோல்விகளாகவே நின்றுவிடுகின்றன. அப்படியிருந்தும் அது வீண் என்று என்னால் சொல்ல முடியவில்லை. தடையைக் கண்டபோது விதியை நோகாமல், அதன் காரணத்தைத் தேடி, அளந்து, செதுக்கி, தெளிவாக எழுதிக் கையெழுத்திட்டார் ஒருவர். அந்தப் பழக்கம்தான் பாலத்தின் வழக்கிலும் அவருக்குத் துணை நின்றது.

என் மாதிரிப் படகு இப்போது இயற்பியல் ஆய்வகத்தின் அலமாரியில் இருக்கிறது. அதன் கீழே, அது ஏன் கவிழ்ந்தது என்று நான் எழுதிய தாளும் இருக்கிறது. கணிதத் துணைப்பாடத்தை வரும் ஏப்ரலில் மீண்டும் எழுதப் போகிறேன். இம்முறை, சென்ற முறை எந்த இடத்தில் தவறினேன் என்பதை முதலில் எழுதிப் பார்த்துவிட்டுத்தான் படிக்கத் தொடங்கியிருக்கிறேன்.